கட்டிலும் காவலும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் சங்கரன்கோவிலில் எம் இல்லத்திலிருந்தகாலை, அண்டைத் தெரு இளைஞர் சிலர் ஒரு விண்ணப்பத்தைக் கொணர்ந்து, யாம் தமிழ் பயில்வதனால் அதன் பிழைகளைக் களைந்து தருமாறு வேண்டினர். எமதூர் அரசு மருத்துவமனைக்குத் தீவிர சிகிச்சைக் கட்டில்கள் பத்தும், அவற்றிற்குரிய செயற்கைச் சுவாசக் கருவிகளும் அருளவேண்டும் என்பது அதன் சாரம். அவர்களுள் ஒருவருடைய தந்தையார் விசைத்தறித் தொழிலாளர். மூச்சடைத்து வீழ்ந்த அவர், 50 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருநெல்வேலியில், ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்து மீண்டார். அடகு சென்ற மனைவியாரின் சங்கிலி இன்னும் மீளவில்லை.

அத்தாளை யாம் பலநாள் கையில் வைத்திருந்தோம். சந்திப் பிழையினும் பெரியதொரு பிழை அதன்கண் இருப்பதாக எமக்குத் தோன்றிற்று. கட்டிலை எண்ணியிருந்தனர், கருவியை எண்ணியிருந்தனர், கட்டிலருகே நிற்கவேண்டிய செவிலியரை எண்ணினாரல்லர்.

தீவிர சிகிச்சை பிறந்த வரலாற்றை நேயர்கள் சற்றே நினைவுகூர்க. 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில் அக்காலத்துச் சுவாசக் கருவிகளிடப் பெற்ற 31 பேருள் 27 பேர் மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டலாம் எனக் காட்டினார். பை எளிதிற் கிடைக்கும். கை எங்ஙனம் கிடைக்கும்? ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளரின் தலைமாட்டில் அமர்ந்து அழுத்தினர். சாவு பாதிக்கும் கீழாகத் தாழ்ந்தது. எம்மையொத்த பருவத்தினர் செய்த செயலாதலின் இதனைச் சிறிது விரித்துரைத்தோம், பொறுத்தருள்க.

இற்றை நாளில் நாடுகள் இக்காவலைப் பலவாறாக அளக்கின்றன. இங்கிலாந்தில், சுவாசக் கருவியிலுள்ள நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பது தரம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999-இல் இயற்றிய சட்டத்தின்வழி, இவ்வறைகளில் ஒரு செவிலியருக்கு இருவர்க்கு மேற்பட்ட நோயாளரை ஒப்படைத்தலாகாது. செருமனியின் செய்தி வியப்புடையது. 2012-இல் வெளிவந்த ஐரோப்பியக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் இலட்சம் மக்களுக்கு 29.2 தீவிர சிகிச்சைக் கட்டில்கள், பிரித்தானியாவிலோ 6.6 மட்டுமே. ஆயினும் செருமானிய விதி, பகலில் இருவரையும் இரவில் மூவரையும் ஒரு செவிலியரிடம் விடுகின்றது. கட்டில் மிகுந்தவிடத்தில் காவல் மிகும் என்பது இல்லை. நம் நாட்டு வல்லுநர் வகுத்த வழிகாட்டு நெறியும், கருவியிலுள்ளார்க்கு ஒருவருக்கு ஒருவர் என்றே கூறுகின்றது. ஏட்டளவில் நாம் எவர்க்கும் இளைத்தோமல்லோம்.

இனிச் செலவு. 2002-ஆம் ஆண்டுப் பதிவேடுகளைக் கொண்டு அமெரிக்கர் செய்த ஆய்வொன்றில், சுவாசக் கருவியிட்ட முதல் நாளின் செலவு 10,794 டாலர் எனக் கண்டனர். இங்கிலாந்தில், 1948-இல் தோன்றிய தேசிய மருத்துவப் பணியின்கீழ், அந்நாட்டுக் குடிகள் இதற்கென மருத்துவமனையிற் பணம் செலுத்துவதில்லை, வரி செலுத்துகின்றனர். ஈண்டு 2020 ஜூனில், கொரோனாத் தொற்றுக் காலத்தே, தனியார் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைக்குத் தமிழ்நாட்டரசு விதித்த உச்சவரம்பு நாளொன்றுக்கு 15,000 ரூபாய். டாலரொடு வைத்து நோக்குவார்க்கு இது மலிவாகத் தோன்றலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற் சேர்தற்குரிய ஆண்டு வருமான வரம்பொடு வைத்து நோக்குமின்! அது 1,20,000 ரூபாய். எட்டு நாட் கட்டணம் ஓராண்டு உழைப்பை விழுங்கிவிடும். அத்திட்டம் குடும்பத்திற்கு ஆண்டொன்றில் 5 லட்சம் வரை அளிப்பது பேருதவியே. அரசு மருத்துவமனைகளிற் கட்டணமும் இல்லை. ஆயினும் யாம் மேற்கூறிய தொழிலாளர், வருமானம் வரம்பைச் சிறிதே கடந்தமையால் அட்டை பெறாதவர்.

செவிலியரை மிகுத்தால் செலவு மிகும் என்பர் சிலர். மேனாடுகளில் அது மெய். ஊழியர் ஊதியமே ஆண்டுச் செலவின் பெரும்பகுதி. இங்கோ, அரசுப் பணியில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்ற செவிலியர் 2017 நவம்பரில் சென்னையிற் கூடிப் போராடியபோது, அவர்தம் மாத ஊதியம் 7,700 ரூபாய். மேற்கூறிய ஒருநாட் கட்டண வரம்பில் அது பாதியளவு. பின்னர் ஊதியம் உயர்ந்தது உண்மையே. எனினும் காப்பவரின் கூலியே நோயாளியை வறியனாக்குகின்றது என்று எவரும் கூறற்க. இங்குப் பயின்ற செவிலியர் பலர் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, அங்கே ஒரு கட்டிலருகே நிற்கின்றனர். அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததோடு, மேற்செலவையும் திரும்பி வருகையில் தருவதாகச் சொல்லிப்போனான். பராமரிப்புக்கு விலையுண்டு என்பதை அக்கதையும் மறைக்கவில்லை. ஆனால் காயமுற்றவன் அதனைக் கொடுக்கவில்லை.

மீண்டும் விண்ணப்பத்திற்கு வருவோம். ஒரு கட்டிலருகே எப்பொழுதும் ஒருவர் நிற்கவேண்டின், நாளொன்றுக்கு மூன்று முறையாக வாரத்திற்கு 21 முறை. ஒருவர் ஆறு முறை பணிசெய்தால் மூவர் போதார். விடுப்பும் கருதின் நால்வர் வேண்டும். பத்துக் கட்டிலுக்கு நாற்பதின்மர். இக்கணக்கைக் கண்ட இளைஞர் திகைத்து, “நாற்பதைக் கேட்டால் பத்தும் கிடைக்காதே!” என்றனர். அவ்வச்சம் பொய்யென்று எம்மாற் கூறக்கூடவில்லை. நெடுநேரம் வாதிட்டபின், கட்டில் நான்கு, செவிலியர் பதினாறு எனத் திருத்தி, செவிலியரை முதல் வரியில் வைத்து, யாமும் கையொப்பமிட்டோம்.