ஓட்டிப் பார்க்காமல் ஸ்பேர் மாற்றிய ஒர்க்‌ஷாப் முதலாளிக்கு

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

உங்கள் பெயரையோ ஒர்க்‌ஷாப்பின் பெயரையோ இங்கே எழுதவில்லை. எனக்கு நடந்தது திருவண்ணாமலையில் சொந்த வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டும் பலருக்கும் நடக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கார் வலப்பக்கம் திரும்பும்போது முன்பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் போட்டது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை ஃபுல்லாக ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆரம்பித்துவிடும். வேகம் கூடக்கூடச் சத்தமும் நெருங்கி வரும். இவ்வளவையும் உங்கள் ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் பானெட்டைத் திறந்தார், முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார், “லோயர் ஆர்ம் போயிருக்கு” என்றார். வண்டியை ஷெட்டுக்கு வெளியே ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஆர்ம் மாறியது, சத்தம் மாறவில்லை. அடுத்து லிங்க் ராடு. அதற்கும் அடங்கவில்லை. கடைசியில், “ஸ்டியரிங் ராக்கையே மாத்திடலாம், எஸ்டிமேட் போட்டுத் தரேன்” என்றார். வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செங்கம் ரோட்டில் ஒரு சின்ன ஷெட். அங்கிருந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால், “பக்கத்துல உக்காருங்கண்ணே” என்றார். காலி இடமாகப் பார்த்து ஓட்டிப்போய், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஃபர்ஸ்ட் கியரில் மெதுவாக வட்டமடித்தார். வலப்பக்கம் சத்தம், இடப்பக்கம் இல்லை. “லெஃப்ட் ஆக்ஸில், வெளி ஜாயின்ட்” என்றார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டு எடுத்தார். விரலெல்லாம் கறுப்பு கிரீஸ். ரிம்மின் உள்விளிம்பு முழுக்க அது தெறித்துக் காய்ந்திருந்தது. ரப்பர் பூட்டில் ஒரு மடிப்பின் பள்ளத்தில் கீறல். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு மடிப்பாக விரித்தால்தான் வாய் திறக்கிறது. அந்த கிரீஸை என் விரலில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். மணல் நெருடியது.

பெரிய தேரை மாட வீதி முனையில் திருப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வடம் பிடிப்பவர்கள் இழுப்பார்கள். திருப்புவது முட்டுக்கட்டை போடுபவர்கள் கையில் இருக்கிறது. முன்சக்கரத்தில் இழுவை உள்ள காரில் இந்த இரண்டு வேலையும் ஒரே சக்கரத்தின் தலையில் விழுகிறது. அதைச் சாத்தியமாக்குவது மெக்கானிக் சொன்ன அந்த ஜாயின்ட்தான், சி.வி. ஜாயின்ட். 1926இல் ஆல்ஃபிரட் ஜெப்பா என்ற பொறியாளர் கண்டுபிடித்த அமைப்பு: கிண்ணத்துக்குள் ஆறு எஃகு குண்டுகள், அவை ஓடத் தடங்கள், எல்லாவற்றையும் காப்பாற்றுவது கிரீஸ், கிரீஸைக் காப்பாற்றுவது ரப்பர் பூட். பூட் கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். தூசியும் தண்ணீரும் உள்ளே போகும். தடத்தில் குழி விழும். பாரத்தோடு திரும்பும்போது குண்டு அந்தக் குழியில் இறங்கி ஏறுவதுதான் நான் கேட்ட சத்தம்.

அம்பாசடரில் பின்சக்கரம் தள்ளியது, முன்சக்கரம் திரும்ப மட்டும் செய்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததிலிருந்து இந்த ஜாயின்ட் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கம். உங்கள் ஃபோர்மேனுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. பார்க்க நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்பக்கச் சத்தம் எல்லாமே ஆக்ஸில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வண்டி நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொக்’ என்றால் ஸ்ட்ரட் மவுண்டைச் சந்தேகிக்கலாம். ஸ்பீடு பிரேக்கரில் கடகடத்தால் லிங்க் ராடு, ஆர்ம் புஷ். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். எல்லாம் சேர்த்து ஒரு டீ குடிக்கும் நேரம். அந்த வேலைக்குத் தனியாக லேபர் கேளுங்கள், சந்தோஷமாகத் தருகிறேன். கண்டுபிடிக்காமல் கழற்றிய சாமானுக்குத் தரத்தான் மனம் வரவில்லை.

இதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. சத்தம் வருவதற்கு முன்னால் இதே வண்டிக்கு உங்களிடம்தான் ஃபுல் சர்வீஸ் செய்தேன். வண்டியைத் தூக்கித்தான் ஆயில் மாற்றினீர்கள். ரிம்மில் காய்ந்துபோன கிரீஸைப் பார்த்தால் கிழிசல் அன்றைக்கே இருந்திருக்க வேண்டும். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புது பூட், கிளாம்ப், கிரீஸ் என்று சில நூறு ரூபாய்ச் சாமானோடு போயிருக்கும். சத்தம் வந்த பிறகு கிரீஸ் அடைத்துப் பயனில்லை, ஜாயின்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

பணம் போகட்டும். நான் போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். ஜவ்வாது மலை வளைவில், ஏற்றத்தில், அந்த ஜாயின்ட் உடைந்திருந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. டிஃபரன்ஷியல் மொத்தச் சக்தியையும் உடைந்த பக்கத்துக்கே விட்டுவிடும். பின்சீட்டில் குழந்தைகளோடு ஒரு குடும்பம், பின்னால் பஸ். இதை நினைத்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பில்லுக்குப் பதிலாக நீங்கள் தந்தது துண்டுச் சீட்டு. செய்த வேலைக்குப் பில் தராததை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பிழைப்புக்காகத் தானே வண்டி ஓட்டுகிறவனும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடம் அவகாசம் உண்டு. 1915 என்ற எண்ணுக்குப் பேசினாலே புகார் பதிவாகிறது. ஆணையம் வரை போக எனக்கு விருப்பமில்லை. ஒரே ஊரில் இருக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். ஆர்முக்கும் லிங்க் ராடுக்கும் வாங்கிய லேபரைத் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கண்ணில் காட்டுங்கள். அவை உண்மையிலேயே தேய்ந்திருந்தால் ஸ்பேர் விலையைப் பற்றிப் பேசமாட்டேன். சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் நான்கு ஆக்ஸில் பூட்டையும் பார்த்து ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சத்தம் என்று வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் ஓட்டிப் பாருங்கள். பௌர்ணமிக் கூட்டம் குறைந்ததும் நேரில் வருகிறேன். முறையான பில்லை எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
டி.என். 25 மஞ்சள் போர்டு வண்டியின் ஓட்டுநர்,
திருவண்ணாமலை