ட்ரோன் இல்லை என்று யார் சொல்வது?

2018 டிசம்பர் 19 இரவு 9 மணியளவில், லண்டனுக்கு அருகிலுள்ள காட்விக் விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் ட்ரோன் பறப்பதைக் கண்டதாகத் தகவல் கொடுத்தார். ஓடுபாதை மூடப்பட்டது. பின்னிரவு 3 மணிக்குத் திறந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் இன்னொரு தகவல் வர, மறுபடியும் மூடினார்கள். 21-ஆம் தேதி காலைவரை விமானப் போக்குவரத்து முடங்கியது. கிறிஸ்துமஸுக்குப் புறப்பட்ட சுமார் 1,40,000 பேரின் பயணம் கெட்டது. கைது செய்யப்பட்ட தம்பதிக்கும் சம்பவத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிந்து விடுவித்தார்கள். குற்றவாளி இன்றுவரை பிடிபடவில்லை.

ட்ரோனின் ரேடியோ இணைப்பை முடக்கும் ஜாமர் வாங்க வேண்டும் என்பதற்கு, ட்ரோன் தடுப்பைக் கவனிக்கும் நம் துறையில் அடிக்கடி காட்டப்படும் சான்று இந்தச் சம்பவம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. "இப்போது வானில் ட்ரோன் இல்லை" என்று ஆதாரத்தோடு சொல்ல அங்கே வழியில்லாமல் போனதுதான் முடக்கத்தை நீட்டியது. தேடுதலுக்காகக் காவல்துறையும் ட்ரோன்களைப் பறக்கவிட்டது. கண்டதாகச் சொல்லப்பட்டவற்றில் சில அவையாகவே இருக்கலாம் என்று அப்பகுதிக்குப் பொறுப்பான சசெக்ஸ் காவல்துறைத் தலைவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

கருவி ஒன்றும் சொல்லவில்லை என்றால், அதற்கு என்ன பொருள் என்பது கருவிக்குக் கருவி மாறும். சிறிய ட்ரோன் ரேடாருக்குப் பறவை அளவே தெரியும். சுழலும் இறக்கைகள் எதிரொலியில் உண்டாக்கும் நுண்ணிய அதிர்வெண் மாற்றத்தை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறோம்; தூரம் கூடக் கூட அந்தத் தடயம் மங்கிவிடும். ஒலி உணரி விமான இரைச்சலில் திணறும். கேமராவைப் பனிமூட்டம் மறைக்கும். ரேடியோ அலையைக் கேட்கும் கருவி இயக்குபவர் நிற்கும் இடத்தைக்கூடக் காட்டித்தரும். அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முன்பே பதித்த பாதையில் இணைப்பின்றிப் பறக்கும் ட்ரோனுக்கு அது செவிடு. உக்ரைன் போரில் இரு தரப்பும், கட்டளை செல்லும் கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களைப் பயன்படுத்துகின்றன. ரேடியோ இணைப்பே இல்லாததால், அந்த இணைப்பை முடக்கும் ஜாமருக்கும் அங்கே வேலையில்லை.

ஆனாலும், கருவி வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்றுதான் முதலில் கேட்கிறோம். முனையக் கட்டடத்துக்குப் பின்னால், தாழ்வாகப் பறந்தால் தெரியுமா என்று கேட்பதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் குருட்டுப் பகுதிகளைக் குறித்த வரைபடம் வேண்டும். எல்லா உணரிகளின் பதிவுகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். நம் தரப்பு ட்ரோன் எது, எப்போது எழுந்தது, எப்போது இறங்கியது என்பது கட்டுப்பாட்டு அறையில் உடனுக்குடன் தெரிய வேண்டும். எத்தனை நிமிடம், எந்தெந்தக் கருவிகள் அமைதியாக இருந்தால் ஓடுபாதையைத் திறக்கலாம், அந்த உத்தரவில் யார் கையெழுத்திடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நெருக்கடி நேரத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயமல்ல இது.

கருவியை ஏற்றுக்கொள்ளும் சோதனையை வெயில் நாளில், திறந்தவெளியில், விற்பவர் கொண்டுவந்த ட்ரோனை வைத்து முடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ட்ரோனை எடுத்து, ரேடியோ இணைப்பைத் துண்டித்து, விமானக் கொட்டகைக்குப் பின்னால் தாழப் பறக்கவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு கையெழுத்திடுங்கள்.