களி என்ன ஏளனப் பொருளா?

தமிழர் விருந்தோம்பலைப் புகழும் கட்டுரை இல்லாத மலர் அரிது. வாழையிலை, பருப்பு, பாயசம் என அது விரியும். ஆயின் பாறை பிளந்து பொன் எடுத்த தமிழர் எதை உண்டனர் என்று எழுத நம்முள் எவரும் முன்வருவதில்லை. அவர்தம் உணவு களி. அதனை எழுத நாம் கூசுகிறோம்.

கூச்சத்தின் வேர் நம் பேச்சிலேயே உள்ளது. சிறை புகுவதைக் 'களி தின்னப் போதல்' என்கிறோமே! உழைப்பவன் தட்டிலிருந்த சோற்றைக் குற்றவாளியின் தண்டனையாக்கி நகைக்கும் வழக்கு இது.

கௌதள்ளியில் இந்நகைப்பு எடுபடாது. மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள அவ்வூர், 1956 வரை கோவை மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராசநகர் மாவட்டம். அங்கே தமிழர் களி என்பதைக் கன்னடர் முத்தெ என்பர். உருண்டை ஒன்றுதான்.

அவ்வட்டாரத்துச் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றதை நூல்கள் தவறாது கூறும். அச்சுரங்கத்தில் மனித உடலை இயக்கிய ஆற்றல் எது என்று கூறுவதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது, பாறையே கொதிக்கும். வட ஆர்க்காட்டிலிருந்து சென்றவர் பலர் அதில் இறங்கினர். மெல்லச் செரித்து நெடுநேரம் பசி தாங்கும் கேழ்வரகு அன்றோ அவர்க்கு ஏற்றது?

களி கிண்டுவதும் எளிதன்று. கொதிக்கும் உலையில் நொய்யரிசியை வேகவிட்டு, மாவைக் குவித்துக் கொட்டி, நடுவே துடுப்பால் குழித்து, நீர் மேலெழுந்து மாவை நனைக்கும்வரை கிளறாது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டி தட்டும். பின்னர்ப் பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தோள் நோகக் கிண்டுதல். ஈரக்கையில் ஒட்டாவிடில் வெந்தது எனப் பொருள். அவரைக்கொட்டைக் குழம்போ கீரை மசியலோ தொட்டு, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்று பார்த்துவிட்டுச் சுவையில்லை என்போரே மிகுதி!

நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் நாமும் சிறுதானியம் பேசினோம். பளபளக்கும் பையில் வந்தால் ஆரோக்கியம், தொழிலாளியின் சட்டியில் இருந்தால் ஏழ்மை: இஃதென்ன நீதி?

தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே களி கிண்டிய கைகள் முதுமையில் தளர்கின்றன. அம்மூதாட்டியரிடம் கேட்டுப் பக்குவத்தை எழுதி வைப்பது தமிழ்ச் சங்கங்களின் பணியே. ஆண்டு விழாப் பந்தியில் பாயசத்துக்கு முன் ஓர் உருண்டை களி வைக்கலாம். சமையற்காரருக்குக் கிண்டத் தெரியாது என்பர். தெரிந்தவரை, உரிய ஊதியமும் முன்வரிசை இருக்கையும் தந்து, தங்கவயலிலிருந்து அழைப்போம்.