செட்டிங்கை மாற்றாதது உங்கள் குற்றமல்ல

“உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்.” கல்லூரிகளில் சைபர் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தால், மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் இந்த வாசகம் இல்லாமல் இருக்காது. பேச்சும் அதே தடத்தில்தான் போகும். ரீல்ஸ் போடுகிறீர்களா, அக்கவுண்டைப் பிரைவேட்டில் வையுங்கள். செட்டிங்கைக் கவனிக்காமல் போட்டுவிட்டு அப்புறம் அழாதீர்கள் என்பார்கள். கைதட்டலோடு கூட்டம் முடியும். யாரோ எடுத்துப் பரப்பிய வீடியோவால் நொந்துபோயிருக்கும் மாணவி, தவறெல்லாம் தன்னுடையதே என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போவாள். பல ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு ஏன் பயம்?” 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். உரிமையைக் கேட்பவர் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

“வீடியோ போடாமலே இருந்துவிடலாமே?” வீட்டிலிருந்தபடி புடவையும் மசாலாப் பொடியும் விற்கும் பெண்ணுக்கு இன்ஸ்டாகிராம்தான் பிழைப்பு. அதை மூடச் சொல்பவர்கள் அவளுடைய வருமானத்துக்கு வேறு வழி காட்டிவிட்டுப் பேசட்டும்.

“செட்டிங்தான் இருக்கிறதே, மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?” அவர்கள் பெரிதாக நம்பியிருக்கும் வாதம் இதுதான். இதற்கு அயர்லாந்திலிருந்து விடை வந்து நாளாகிவிட்டது. 2023 செப்டம்பரில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிக்டாக்குக்கு 34.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆணையம் ஆராய்ந்தது 2020ஆம் ஆண்டின் கடைசி ஐந்து மாதங்களை. அப்போது 13 முதல் 17 வயது வரை உள்ள ஒரு பிள்ளை கணக்குத் தொடங்கினால், அது தானாகவே ஊர் உலகம் பார்க்கும்படி திறந்திருந்தது.

எப்படித் திறந்திருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பதிவு செய்யும்போது திரையில் ஒரு பெட்டி வரும்: பிரைவேட்டுக்கு மாறுகிறீர்களா, ‘ஸ்கிப்’ செய்கிறீர்களா என்று கேட்கும். ஸ்கிப் அழுத்தினால் கணக்கு பப்ளிக். முதல் வீடியோ போடும்போது இன்னொரு பெட்டி வரும். அதில் ‘போஸ்ட் நவ்’ என்பது வலப்பக்கம் அடர்த்தியான எழுத்தில் இருக்கும். ‘கேன்சல்’ மங்கலாக இருக்கும். வீடியோ போடும் அவசரத்தில் இருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையின் கட்டைவிரல் எங்கே போகும்? இந்த வடிவமைப்பு நேர்மைக் கொள்கையை மீறுகிறது என்று ஆணையத்தின் தீர்ப்பே சொல்கிறது. அந்தப் பொத்தானை எந்தப் பக்கம் வைப்பது, எந்த நிறத்தில் வைப்பது என்றெல்லாம் முடிவு செய்தது நிறுவனம். பிறகு பாதுகாப்பு எப்படி அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும்?

இது ஒரு செயலியின் கதை மட்டுமல்ல. டிக்டாக் அபராதத்துக்கு முந்தைய ஆண்டு இதே ஆணையம் இன்ஸ்டாகிராமுக்காக மெட்டா நிறுவனத்துக்கு 40.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. சிறுவர் கணக்குகள் தொடக்கத்திலேயே பப்ளிக்காக இருந்தன. பிசினஸ் கணக்குக்கு மாறிய சிறுவர்களின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வெளியே தெரிந்தன. பெரும்பாலானவர்கள் தொடக்கத்தில் இருக்கும் செட்டிங்கை அப்படியே விட்டுவிடுவார்கள் என்பது இந்த நிறுவனங்களுக்குத் தெரியாத சங்கதியா? தெரிந்துதான் கதவைத் திறந்தே வைக்கிறார்கள். வீடியோவை அதிகம் பேர் பார்த்தால் விளம்பர வருமானம் அவர்களுக்கு. அவமானம் வந்தால் அது மட்டும் பயனருக்கு.

“பிரைவேட்டில் வைத்துவிட்டால் போதும்.” போதாது. பிரைவேட்டுக்கு மாறிய பிறகும் ஏற்கெனவே பின்தொடர்ந்தவர்கள் அப்படியே இருப்பார்கள். வேண்டாதவர்களை ஒவ்வொருவராகத் தேடி நீக்க வேண்டும். பப்ளிக்காக இருந்தபோது ஒருவர் பதிவிறக்கிய ரீல் அவருடைய போனிலேயே கிடக்கும். உள்ளே இருப்பவர் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்தால் பூட்டு எதற்கும் உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்கைப் பிரைவேட்டில் வைக்கவே முடியாது. பொடி விற்கும் பெண்ணுக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்?

“யார் பார்த்தார்கள் என்றுதான் தெரிந்துகொள்ளலாமே?” ஸ்டோரியைப் பார்த்தவர்களின் பெயர் தெரியும். ரீல்ஸுக்கு எண்ணிக்கை மட்டுமே தெரியும். இலங்கையிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் பயன்படுத்தும் டிக்டாக்கில், புரொஃபைலுக்கு வந்துபோனவர்களைக் காட்டும் வசதி உண்டு. ஆனால் அதை நீங்கள் இயக்கினால், நீங்கள் யார் பக்கத்துக்குப் போனீர்கள் என்பதும் அதே வசதியை இயக்கியிருக்கும் மற்றவர்களுக்குத் தெரியும். உங்களைக் கண்காணிப்பவன் அதை அணைத்து வைத்திருந்தால் அவன் பெயர் உங்கள் பட்டியலில் வராது. இந்த ஆவலைப் பயன்படுத்தி, “உங்கள் ரீல்ஸைப் பார்த்தவர்கள் யார் என்று காட்டுகிறோம்” என்று வெளிச் செயலிகள் பாஸ்வேர்டு கேட்கும். இன்ஸ்டாகிராம் யாருக்கும் தராத பெயர்ப் பட்டியல் இவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? செய்யவேண்டியது என்ன என்பதை இந்த நிறுவனங்களே செய்து காட்டிவிட்டன. 2021 ஜனவரியில் 16 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்குகளை டிக்டாக் தானாகவே பிரைவேட் ஆக்கியது. 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘டீன் அக்கவுண்ட்’ கொண்டுவந்து அதையே செய்தது. அரசுகளும் நீதிமன்றங்களும் நெருக்கிய பிறகுதான் இதெல்லாம் நடந்தது. பதினேழு வயதுக்குத் தர முடிந்த பாதுகாப்பைப் பத்தொன்பது வயதுக்குத் தர எந்தத் தொழில்நுட்பமும் தடையாக இல்லை. கணக்கு மூடியே தொடங்கட்டும். திறக்க விரும்புகிறவர் திறந்துகொள்ளட்டும்.

விழிப்புணர்வு மேடை ஏறும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேனரைக் கழற்றுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கண்டிப்பதை விட்டுவிட்டு, அந்தச் செயலிகளை நடத்துகிறவர்களிடம் கணக்குக் கேளுங்கள்.