பள்ளியா? பகட்டா?

பயணச் சீட்டு வாங்கியாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று. ஊறுகாய்க்கு அதில் இடமுண்டு, இட்டலித் தட்டுக்கும் இடமுண்டு. தந்தைக்குச் சிங்கப்பூரில் வேலை. தாயும் மக்களும் உடன் செல்கின்றனர். மகிழ்கிறோம், வாழ்த்தி வழியனுப்புகிறோம். வழியனுப்பும் வேளையில் ஒன்று கேட்கிறோம்: பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள்?

“பெரிய பள்ளியில்!” என்று பெருமிதத்தோடு விடை வருகிறது. பன்னாட்டுப் பள்ளியாம், நீச்சல் குளம் உண்டாம், கட்டணம் ஆண்டுக்குப் பல்லாயிரம் வெள்ளியாம்! “இரண்டாம் மொழி?” என்கிறோம். “பிரெஞ்சு, இல்லையேல் இந்தி” என்கின்றனர். “தமிழ்?” என்கிறோம். சிரிக்கின்றனர். “அதைத்தான் வீட்டிலே பேசுகிறோமே!”

சிரிப்புக்குரியதா இது? சிந்திப்போம்.

தமிழை அறியாத நாட்டுக்கா செல்கிறீர்கள்? மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழியாய் வீற்றிருக்கும் நாடு அது. கடைத்தெருவில் கைமாறும் காசிலே தமிழ் எழுத்து! அரசுப் பள்ளியிலே தமிழ் தாய்மொழிப் பாடம்! தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலே ஆங்கிலம், கணக்கு, அறிவியல் ஆகியவற்றுக்கு இணையாகத் தாய்மொழியும் ஒரு பாடம்! தமிழாசிரியர் இல்லாத பள்ளியின் மாணவர்களும் தமிழ் பயில, உமறுப் புலவர் பெயரால் ஒரு மொழி நிலையமே நடக்கிறது.

இந்த இடம் தானாக வந்ததா? பெரியார் 1929-இல் அங்கே சென்று தன்மானம் பேசினார். 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950-களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என முழங்கி, பல்கலைக்கழகத்திலே தமிழ் இடம்பெற எளிய மக்களிடமெல்லாம் நிதி திரட்டினார். பாட்டாளி தன் வியர்வையில் ஒரு துளியைத் தமிழுக்கென ஈந்தான். அவன் திறந்த கதவை, பட்டம் பெற்றுப் பதவிக்குச் செல்லும் நாமா அடைப்பது?

“அரசுப் பள்ளியிலே இடம் எளிதில் கிடைக்கிறதா?” என்று கேட்பீர். கிடைப்பதில்லை; ஒப்புகிறோம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பிறகே அயல்நாட்டுப் பிள்ளைக்கு இடம். இடையிலே சேர்வதானால் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு உண்டு. கட்டணமும் குடிமக்களுக்கு உள்ளதைவிட மிகுதி. முயன்றும் இடம் பெறாதவரைக் குறை கூறோம். ஈராண்டில் ஊர் திரும்புவோர் இந்தியப் பாடத்திட்டத்தை நாடுவதிலும் பிழை காணோம். நம் வழக்கு வேறு. முயலாமலே முகம் சுளிக்கிறார்களே, அவர்களோடுதான் வழக்கு! தனியார் பள்ளியிலேயே தமிழ் இருந்தும், “வேண்டாம்” என எழுதிக் கையொப்பமிடுகிறார்களே, அவர்களோடுதான் வழக்கு!

வீட்டிலே பேசினால் போதுமாம்! அந்த வீட்டுப் பேச்சின் நிலை என்ன? 2010 கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர் நூற்றுக்கு 3.3 பேர். 2020-இல் அது 2.5 ஆயிற்று. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3-லிருந்து 48.3-க்கு உயர்ந்தது. ஏட்டிலிருந்து இறங்கிய மொழி நாவிலிருந்தும் இறங்கும். இன்று படிக்காத பிள்ளை, நாளை பேசாத தந்தை. அவன் மகனுக்குத் தமிழ், பாட்டி முனகும் ஓசை!

ஆங்கிலம் கெடும் என்ற அச்சமா? அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தானே! ஆங்கிலத்தை விடச் சொல்லவில்லை நாம். தமிழைத் துரத்தாதீர் என்கிறோம்.

இன்னொன்று. மலாய்க் குழந்தையும் சீனக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒரே பலகையில் அமரும் இடம் அந்நாட்டுப் பொதுப்பள்ளி. உயர்நிலைப்பள்ளியிலே பிள்ளைகளைத் தரம் பிரித்த பழைய பிரிவுகளைக்கூட, 2024-இல் நுழைந்த வகுப்பு தொடங்கி, அந்நாடு கைவிட்டுவிட்டது. அவர்கள் சுவரை இடிக்கிறார்கள். நாமோ பணத்தால் புதுச்சுவர் எழுப்பி, அதற்குத் ‘தரம்’ எனப் பெயரும் சூட்டுகிறோம்!

ஆகவே, பெற்றோரே! நீச்சல் குளத்தின் நீளத்தைக் கேட்குமுன், “என் பிள்ளைக்குத் தமிழ் கற்பிப்பீரா? யாரோடு அமர்ந்து அவன் படிப்பான்?” என்று கேளுங்கள். ஊறுகாய்க்குப் பெட்டியிலே இடம் கண்டீர்கள். தமிழுக்கு எடையே இல்லை, அதற்கா இடமில்லை?