மழையில் இறங்கி நடக்கட்டும்

மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்லலாமா எனப் பெற்றோர் சிலர் வினவினர். செல்லலாம் என்பதே நம் கருத்து. கனமழை எச்சரிக்கை இருப்பின் ஒத்திவைப்பதே அறிவு. மண்சரிவு அம்மலைக்குப் புதிதன்று. தூறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வழியெல்லாம் வளைவுகள். சென்ற பயணத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவியருகே பேருந்து நின்றபோது தூறல் விழுந்தது. பிள்ளைகளை இறங்கவிடாமல் வைத்திருந்தோம். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்து அவர்கள் அருவியைப் பார்த்த காட்சி இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. நீரில் இறங்க வேண்டாமென்றது சரியே. மேலே பெய்யும் மழையால் அருவி திடீரெனப் பெருகும், தெளிந்த நீர் கலங்கினாலே கரையேறிவிட வேண்டும். ஆனால் சாலையோரம் நின்று பார்க்கவும் விடாதது நம் பிழை.

தானா ராத்தாவில் மழை விட்டதும் ஒன்பதாம் எண் பாதையில் ரோபின்சன் அருவிவரை நடந்தோம். ஒரு சிறுவன் காலில் அட்டை ஏறியது. பால்மரம் வெட்டும் தாயிடம் கற்றான் போலும், பையிலிருந்த உப்பைத் தடவி அமைதியாக அகற்றினான். அலறியவர் ஆசிரியர்தாம்!

மறுநாள் போ தேயிலைத் தோட்டம் கண்டோம். 1929இல் தொடங்கிய தோட்டம் அது. அம்மலையில் கொழுந்து பறித்தோருள் நம்மவர் பலர். நனைந்த சரிவில் கூடையுடன் நிற்பது எத்தகைய உழைப்பென்று, வழுக்கும் மண்ணில் கால் ஊன்றி நடந்த பிள்ளைக்கே விளங்கும்.

அடுத்த பயணத்துக்கு மழையங்கியும் மாற்றுடையும் கொடுத்தனுப்புங்கள். இறக்கி நடத்திச் செல்வது பள்ளியின் பொறுப்பு.