மிக உய்ய நீர்

நீர் கொதித்தால் ஆவியாகும் என்பது அடுப்பங்கரை அறிவு. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலைக்கு அந்த அறிவு போதாது. 2024 மார்ச் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அந்த 800 மெகாவாட் அலகு முழுத்திறனில் இயங்கும்போது, அதன் கொதிகலனில் நீர் கொதிப்பதே இல்லை. 374 பாகை செல்சியஸ் வெப்பநிலையையும், மகிழுந்துச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தத்தையும் கடந்தவுடன், நீர்மம், ஆவி என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது.

வேதியியல் வகுப்பில் நிலைமாறு வெப்பநிலை என மாணவர் கற்பது இந்த எல்லையையே. மின்துறையோ இவ்வகை நிலையங்களை 'மிக உய்ய அனல்மின் நிலையம்' என்று அழைக்கிறது. உய்தல் என்றால் பிழைத்தல், ஈடேறுதல். கலைச்சொல் ஆக்கியோர் அப்பொருளை எண்ணினாரோ இல்லையோ, எண்ணூர்க் கழிமுகத்தின் அருகே அச்சொல்லைப் படிப்பவர் எண்ணாமல் இருக்க இயலாது.

அந்நிலையில் நீரின் இயல்பே தலைகீழாகிறது. உப்பைக் கரைத்த நீர் உப்பை வீழ்படிவாக உதறுகிறது. எண்ணெயோடு கலவாத நீர் எண்ணெயைக் கரைக்கிறது. ஆதலால், நிலத்தடியில் உறைந்தாற்போல் கிடக்கும் கனஎண்ணெயை இளக்கி வெளிக்கொணர இந்நீரைப் பயன்படுத்தலாம் என ஆய்வாளர் முயல்கின்றனர்.

கனஎண்ணெயின் பிசுபிசுப்பு எத்தகையது என்பதை எண்ணூர்க் கரை அறியும். 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபோது கசிந்த எரியெண்ணெய், சேறுபோல் திரண்டு கரைப்பாறைகளில் அப்பிக்கொண்டது. அதனை மனிதர்கள் வாளிகளால் அள்ள நேர்ந்தது. நிலத்தடிக் கனஎண்ணெயும் அவ்வாறே எளிதில் ஓடாதது. குஜராத்தின் மேகசானாப் பகுதியில் கிணற்றுக்குள் காற்றைச் செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதியை நிலத்தடியிலேயே எரித்து, அவ்வெப்பத்தால் எஞ்சியதை இளக்கினர். இராஜஸ்தானின் பாகேவாலாவில் நீராவியைச் செலுத்துகின்றனர். மிக உய்ய நீர் வெப்பத்தைச் சுமப்பதோடு, பெரிய மூலக்கூறுகளை உடைத்து எண்ணெயை மெலியச் செய்யவும் வல்லது.

வியப்புக்குரிய ஆற்றல்தான். ஆயினும், நீரை அந்நிலைக்கு உயர்த்த எதையேனும் எரித்தாக வேண்டும். ஆழக் கிணற்றில் இறங்கும் வழியெல்லாம் வெப்பம் கசியும். குழாயின் உலோகம் அரிக்கப்படும். ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க எவ்வளவு எரிக்கப்பட்டது என்னும் கணக்கின்றி, எடுத்த பீப்பாய்களை மட்டும் எண்ணுவது அரைக் கணக்கே.

அத்திப்பட்டிலும் இதே கேள்வி எழுகிறது. பழைய வகை அனல்மின் நிலையம் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பங்கை மின்சாரமாக்கினால், மிக உய்ய நிலையம் 40 பங்கை எட்டும். அதே மின்சாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நிலக்கரி மிச்சம். சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரிக்கு இது சிறு ஆதாயமன்று. ஆனால் அந்த மிச்சம் யாருக்குச் சேர்கிறது? அதே வளாகத்தில் 1994 முதல் 1996 வரை இயங்கத் தொடங்கிய மூன்று 210 மெகாவாட் அலகுகள் உள்ளன. புதிய அலகு அவற்றின் சுமையை வாங்கிக்கொண்டு அவற்றை ஓய்வுபெறச் செய்தால் ஊருக்குச் சாம்பல் குறையும். அவற்றோடு சேர்ந்து இதுவும் எரிந்தால், திறன் உயர்ந்த பின்னரும் கரையில் சாம்பல் கூடவே செய்யும். காட்டுக்குப்பத்து மீனவருக்குத் திறன் விழுக்காடு தெரிய வேண்டியதில்லை. கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததையும், இறால் அருகியதையும் அவர்கள் கண்டிருக்கின்றனர்.

மின்சாரம் வேண்டாம் என்பது வாதமன்று. வடசென்னையின் விளக்குகளும் ஆலைகளும் அதனால்தான் இயங்குகின்றன. புதிய அலகு முழுத்திறனில் ஓடுந்தோறும் பழைய அலகுகளுள் ஒன்று நிறுத்தப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. மாதந்தோறும் எரித்த நிலக்கரி எவ்வளவு, வெளியேறிய சாம்பல் எவ்வளவு, அதில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் சென்றது எவ்வளவு, குட்டையில் கொட்டியது எவ்வளவு என்னும் நான்கு எண்களும் அத்திப்பட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதப்படட்டும்.